இலை ஓரம் கருகுகிறது, என்ன அடிக்கலாம்?

கேள்வி: தை மாதம் மதுரை நர்சரியில் வாங்கிய மஞ்சள் ரோஜாவைச் சிமெண்ட் தொட்டியில் வைத்திருக்கிறேன். முதலில் உள்ளங்கை அகலத்தில் மூன்று பூக்கள் பூத்தன. இப்போது இலை ஓரங்கள் கருகுகின்றன. போர் தண்ணீர் உப்பு என்பதால் அதை ஊற்றுவதில்லை, ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைத்தான் தினமும் இரண்டு குவளை ஊற்றுகிறேன். கடைக்காரர் பூச்சி மருந்தும் டானிக்கும் டி.ஏ.பி. உரமும் கொடுத்தார். அடுத்து என்ன அடிக்கலாம்?
- வாசகி, உச்சிப்புளி

பதில்: எதையும் அடிக்காதீர்கள் அம்மா. நீங்கள் அனுப்பிய படத்தில் அடி இலைகளின் விளிம்பு மட்டும் தீய்ந்த அப்பளம் போலிருக்கிறது, நடுவில் பச்சை மாறவில்லை. பூச்சி இப்படி ஓரம் பார்த்துக் கடிக்காது. இது உப்பு.

போர் தண்ணீரை விலக்கினீர்கள், சரி. ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் உப்பை அழிப்பதில்லை. உங்கள் குடத்திலிருந்து பிரித்துக் கழிவுநீரில் சேர்க்கிறது. ஆகவே அது போர் தண்ணீரைவிடக் கரிப்பு. அதையும் இரண்டு குவளை ஊற்றினால் மேல்மண் மட்டும் நனையும், மாலைக்குள் நீர் ஆவியாகும், உப்பு தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அதுதான். நம் கடற்கரையில் ரோஜா வளர்ப்பது தண்ணீர் வளர்ப்பதுதான் என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். கேட்பவர்கள் உரக்கடைக்குத்தான் போகிறார்கள். அந்த டி.ஏ.பி.யும் ஓர் உப்புதான். இலையைத் திருப்பிப் பார்க்காமலே சீசாவை எடுத்து நீட்டுகிறவர் அடுத்து ஜிப்சம் விற்பார். ஜிப்சம், சோடியம் ஏறி இறுகிய களர் மண்ணுக்கு. உப்பு மட்டும் சேர்ந்த உவர் மண்ணுக்கு அது மருந்தல்ல.

ஊருணித் தண்ணீரோ காவிரிக் குடிநீரோ இரண்டு குடம் நிதானமாக ஊற்றி, அடித்துளை வழியே ஓடவிடுங்கள். மறுவாரம் இன்னொரு முறை. பிறகு மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பின்பே தண்ணீர், அதுவும் அடியில் ஒழுகும்வரை. ஐப்பசியில் மொட்டைமாடி மழைநீரைத் தண்ணீர்த் தொட்டியில் பிடித்து வையுங்கள். உரமாக மட்கிய தொழுவுரம் போதும்.

மருந்துக்கு வேலை வந்தால் அந்த அடைமழையில்தான் வரும். இந்த மஞ்சள், 1900இல் பிரான்சின் ரோஜா வளர்ப்பாளர் பெர்னே-டுஷே வெளியிட்ட ‘சொலேய் தோர்’ ரகத்தின் வழியாகப் பாரசீக மஞ்சள் ரோஜாவிடமிருந்து வந்த சொத்து. கரும்புள்ளி நோயும் கூடவே வந்த சீதனம். புள்ளி விழுந்த இலையைக் கிள்ளி எரித்துவிடுங்கள். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் வேரில் விடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழிருந்து ஒரு முரட்டுத் தளிர் செழிப்பாக எழும்புகிறது. அதைப் பார்த்து மகிழ்ந்திருப்பீர்கள். அது மஞ்சள் ரோஜா அல்ல, அதை ஒட்டிய வேர்ச்செடியான அடிச்செடி. கத்தரிக்காதீர்கள், மறுபடி துளிர்க்கும். மண்ணை விலக்கி, கிளம்பிய இடத்தோடு பிய்த்து எடுங்கள்.