ட்ரிக்கோ மேல் என்ன தப்பு?

கேள்வி: 'தி லாஸ்ட் கார்டியன்' கேமைத் தள்ளுபடியில் வாங்கினேன். விமர்சகர்கள் பலர் ஆகா ஓகோ என்று புகழ்ந்ததை நம்பித்தான் வாங்கினேன். அதில் வரும் ட்ரிக்கோ என்ற பிராணி சொன்ன எதையும் கேட்பதில்லை. தண்ணீர் தேங்கிய ஓர் இடத்தில் உள்ளே இறங்கச் சொல்லி முக்கால் மணி நேரம் பட்டனை அமுக்கினேன். மேட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. கேமராவோ சுவரைப் பார்க்கிறது. அங்கேயே நிறுத்திவிட்டேன். ஒருவர் 7 மதிப்பெண் போடுகிறார், இன்னொருவர் 9 போடுகிறார். ஓட்டை உடைசலைக் கலை என்று சொல்லி நம் தலையில் கட்டுகிறார்களா? இந்த விமர்சகர்களை நம்பலாமா, கூடாதா? - ஒரு வாசகர்

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதியைத் தப்பான இடத்தில் காட்டியிருக்கிறீர்கள். கேமராவை, அதாவது திரையில் நமக்குக் காட்சியைக் காட்டும் கோணத்தை, திட்ட வேண்டிய திட்டையும் சேர்த்து ட்ரிக்கோ வாங்கிக்கொண்டது. 2016 டிசம்பரில் இந்த கேம் வெளியானபோது எழுதிய விமர்சகர்கள் பலரும் இதே தவறைத்தான் செய்தார்கள். குறை சொன்னவர்கள் மட்டும் அல்ல, கொண்டாடியவர்களும்தான்.

விளையாடாதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறுவன் இடிந்த கோட்டைப் பள்ளத்தாக்கு ஒன்றில் கண் விழிக்கிறான். உடம்பெல்லாம் புரியாத எழுத்துகள். பக்கத்தில் சங்கிலியில் கட்டப்பட்டு, ஈட்டி குத்திய காயத்தோடு, வீடு உயரத்துக்கு ஒரு விலங்கு. பறவையின் இறகும் பூனையின் உடம்பும் நாயின் கண்களும் கொண்ட அதன் பெயர்தான் ட்ரிக்கோ. சிறுவனால் சண்டை போட முடியாது. எதிரே வரும் கவச உருவங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடும், அவன் கையைக் காலை உதறலாம், அவ்வளவுதான். ட்ரிக்கோவுக்கோ பலம் உண்டு, ஆனால் சில கண்ணாடிச் சித்திரங்களைப் பார்த்தாலே பயந்து நின்றுவிடும். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வெளியேற வேண்டும். மொத்தக் கதையும் இதுதான்.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். கேம் விமர்சனத் தளங்களில் ஐஜிஎன் 10-க்கு 7 போட்டது. கேம்ஸ்பாட் 9 போட்டது. யூரோகேமர் 2015-லேயே எண் போடும் வழக்கத்தை விட்டுவிட்டது, அது 'அவசியம்' என்ற முத்திரையைக் கொடுத்தது. எல்லாவற்றையும் கூட்டி வகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 100-க்கு 82 நிற்கிறது. 82 என்றால் நம் ஊர்க் கணக்கில் நல்ல மார்க். ஆனால் இந்த 82-ஐ நான் நம்புவதில்லை. இந்த கேமை 82 அளவுக்குப் பிடித்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. பிடித்தவர்களுக்கு அது உயிர். பிடிக்காதவர்கள் உங்களைப் போல மூன்றாம் நாளே கண்ட்ரோலரைக் கீழே வைத்தவர்கள். நடுவே விழுந்த எண் இரண்டு தரப்பு சொன்னதையும் மறைத்துவிட்டது.

விமர்சனங்களை எண்ணை விட்டுவிட்டுப் படித்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. 7 போட்டவரும் 9 போட்டவரும் ஏறக்குறைய ஒரே விஷயங்களைத்தான் எழுதியிருக்கிறார்கள். ட்ரிக்கோவின் நடை, மூக்கை நீட்டி மோப்பம் பிடிப்பது, காதைத் திருப்புவது, இடுக்கில் உடம்பை நுழைத்து வெளியே வருவது எல்லாம் உயிருள்ள விலங்கைப் பார்ப்பது போல இருக்கிறது என்று இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். கேமரா மோசம், சிறுவன் தடுமாறுகிறான், சோனியின் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 4-ல் படம் அடிக்கடி திணறுகிறது என்பதையும் இருவரும் சொல்கிறார்கள். ஆக, பார்த்ததில் சண்டை இல்லை. எதை மன்னிக்கலாம் என்பதில்தான் சண்டை.

நான் பிரித்துப் பார்க்கச் சொல்வது அங்கேதான்.

ட்ரிக்கோ சொன்னவுடன் செய்யாதது திட்டமிட்டு வைத்த குணம். ஆரம்பத்தில் கூப்பிட்டால்கூட வராது. போகப் போகப் பழகும். நீங்கள் பட்டனை அமுக்கும்போது ட்ரிக்கோவுக்கு நேராக எதுவும் போவதில்லை என்பதைக் கவனித்தீர்களா? சிறுவன் குதித்துக் காட்டுகிறான், கையை நீட்டிச் சுட்டுகிறான், கத்துகிறான். அதைப் பார்த்து, தலையைச் சாய்த்து, யோசித்து, அப்புறம்தான் அது செய்கிறது. சந்தையில் வாங்கிவந்த மாடு முதல் வாரம் பழைய வீட்டுக்காரர் குரலைத் தேடிக்கொண்டு நிற்கும். தண்ணி காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பத்தாம் நாள் நம் காலடிச் சத்தத்துக்கே எழுந்து நிற்கும். அந்த முதல் வாரம் இல்லாமல் பத்தாம் நாள் இல்லை. சொன்னவுடன் தாவும் ட்ரிக்கோ வெறும் வண்டி. உடைந்து விழும் பாலத்திலிருந்து சிறுவன் அந்தரத்தில் குதிக்கும்போது அது எட்டிப் பிடிக்கிறதே, அப்போது நெஞ்சு பதறியதற்குக் காரணம் 'பிடிக்குமோ பிடிக்காதோ' என்ற சந்தேகம் நிஜமாகவே நமக்குள் இருந்ததுதான். பயந்து நடுங்கிய கண்ணாடிச் சித்திரத்தை ஒரு கட்டத்தில் சிறுவனுக்காக அது மீறிவரும். அந்த இடத்தில் நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

இயக்குநர் ஃபுமிட்டோ உவேடா ஒசாகாவில் ஓவியம் படித்து, அனிமேஷன் கலைஞராகத் தொழிலுக்கு வந்தவர். 2001-இல் வந்த அவரது 'ஐகோ' கேமில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து அழைத்துப்போக ஒரு பட்டனை விடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். விட்டால் கை விட்டுப்போகும். 2005-இல் வந்த 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்'ஸில் அக்ரோ என்ற குதிரை. குறுகிய பாதையில் அது தானே வழி பார்த்துத் திரும்பும், இழுத்த இழுப்புக்கெல்லாம் வராது. அந்தக் குதிரையோடு ஆட்டக்காரர்களுக்கு ஏற்பட்ட பாசத்திலிருந்துதான் ட்ரிக்கோ பிறந்தது. பதினைந்து வருடம் ஒருவர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்: கூட வரும் உயிர் நம் கைப்பிடிக்குள் இல்லாதபோதும் அதை நேசிக்க முடியுமா? இது புரியாமல் 'துணைப் பாத்திரத்தின் செயற்கை அறிவு சரியாக வேலை செய்யவில்லை' என்று எழுதிய விமர்சகர், தொட்டாற்சிணுங்கி இலையை மூடிக்கொண்டதற்கு நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போனவர் மாதிரி.

சரி, கேமரா? அதற்கு இந்தச் சமாதானம் எதுவும் செல்லாது. குறுகிய அறையில் ட்ரிக்கோவின் முதுகில் ஏறினால் திரை முழுக்க இறகுதான். எந்தப் பக்கம் தாவச் சொல்கிறோம் என்பதே நமக்குத் தெரியாதபோது, அது தப்பான பக்கம் திரும்பினால் அதன் பிடிவாதமா நம் குருட்டுத்தனமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இறங்க நினைத்தால் சிறுவன் வாலைப் பிடித்துத் தொங்குகிறான். பட்டன் குறிப்புகள் திரும்பத் திரும்ப வந்து திரையில் நிற்கின்றன, இத்தனை அழகாகக் கட்டிய மௌனத்தை அவை கெடுக்கின்றன. பெரிய வெளியில் ட்ரிக்கோ ஓடும்போது படம் இழுத்து இழுத்து நகர்கிறது. இவை அந்த விலங்கின் குணம் ஆகாது, வேலையில் விட்ட குறை. 'இந்தச் சிரமமும் அனுபவத்தின் ஒரு பகுதி' என்று இதற்கும் சேர்த்து வக்காலத்து வாங்கிய விமர்சகர்கள் மேல் எனக்கு உங்களைவிட அதிகக் கோபம் உண்டு. ட்ரிக்கோவின் பெயரைச் சொல்லிக் கேமராவைக் காப்பாற்றினார்கள். அதனால் வாசகர் இரண்டையும் ஒன்றாகப் பார்த்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கி எறிகிறார். உங்களுக்கு நடந்தது அதுதான்.

இரண்டும் வேறு வேறு என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' முதலில் வந்தபோதும் கேமராவைப் பற்றி, குதிரையைப் பற்றி இதே புகார்கள் வந்தன. 2018-இல் புளூபாயிண்ட் நிறுவனம் அதைப் புதிதாகச் செய்து வெளியிட்டபோது, வேண்டியவர்கள் தேர்ந்துகொள்ளும்படி இன்றைய பழக்கத்துக்கு ஏற்ற பட்டன் அமைப்பு ஒன்றையும் கொடுத்தது. படமும் சீராக ஓடியது. குதிரை என்னவோ குதிரையாகவே இருந்தது. தனிமை, குற்றவுணர்வு எதுவும் குறையவில்லை. 'தி லாஸ்ட் கார்டியன்' விஷயத்திலும் ஒரு சின்ன நிரூபணம் உண்டு. அதன் டிஸ்க்கை எந்த அப்டேட்டும் போடாமல் பிளேஸ்டேஷன் 5-ல் ஓட்டினால் நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படங்கள், கிடைக்கிறது, திணறுவதில்லை. அப்படி ஓட்டிப் பார்த்தவர்களுக்கும் ட்ரிக்கோ அதே ட்ரிக்கோதான். நின்று யோசிக்கும், காதைச் சொறியும், அப்புறம் வரும். திணறல் போனதால் அதன் உயிர் போய்விடவில்லை.

அப்படியானால் ஏன் இத்தனை விமர்சகர்கள் இரண்டையும் கலந்தார்கள்? காத்திருப்பு ஒரு காரணம். 2009-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த இ3 வீடியோ கேம் கண்காட்சியில் இதை பிளேஸ்டேஷன் 3-க்கு என்று அறிவித்தார்கள். 2011 போனது, 2012 போனது. உவேடாவே சோனியை விட்டு விலகி, ஒப்பந்தத்தில் வேலையைத் தொடர்ந்தார். நடுவில் வேலை பிளேஸ்டேஷன் 4-க்கு மாறியது. கைவிட்டுவிட்டார்கள் என்றே பலர் முடிவு கட்டிய பிறகு 2015-இல் மறுபடி மேடைக்கு வந்தது. ஏழு வருடம் ஏங்கிய ஒருவர் கையில் கிடைத்ததும் ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு கட்டிப்பிடிப்பார். இல்லாவிட்டால் 'இதற்கா இத்தனை நாள்' என்று எரிந்து விழுவார். இரண்டு மாதிரியும் எழுதியிருக்கிறார்கள். இன்னொரு காரணம் அவசரம். வெளியாகும் நாளுக்குள் விமர்சனம் வந்தாக வேண்டும் என்பதால் பன்னிரண்டு, பதினைந்து மணி நேர ஆட்டத்தைச் சில நாட்களில் முடித்து எழுத வேண்டும். மற்ற கேம்களுக்கு அது போதும். பொறுமையையே விளையாட்டாக வைத்திருக்கும் ஒன்றைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விளையாடினால், அதன் தாமதம் ஒவ்வொன்றும் குற்றமாகத்தான் தெரியும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அவசரம் உங்களுக்கு இல்லை.

விமர்சகர்களின் நேர்மையைக் கேட்டீர்கள். 7 போட்டவரும் நேர்மையானவர், 9 போட்டவரும் நேர்மையானவர். கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்தக் குறை எந்த இடத்தில் வருகிறது, அது ஆட்டத்துக்கு என்ன செய்கிறது என்று அவர் பிரித்துச் சொன்னாரா? சொன்னவரை நம்புங்கள், அவர் எந்த எண் போட்டிருந்தாலும் சரி. நானே எண் போட்டாக வேண்டும் என்றால் போட மாட்டேன். ட்ரிக்கோவைப் போல ஒரு துணை எனக்கு இன்னொரு கேமில் கிடைக்கவில்லை என்று எழுதுவேன். கேமராவுக்காக ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெளியே நடந்துவிட்டு வந்த இரண்டு இரவுகளையும் அதே பக்கத்தில் எழுதுவேன்.

நீங்கள் நிறுத்திய இடம் எனக்குத் தெரியும். பலர் அங்கேதான் நிறுத்தினார்கள். ட்ரிக்கோவுக்குத் தண்ணீர் என்றால் பயம். கத்தினால் இறங்காது. பட்டனை அடித்துக்கொண்டே இருந்தால் சிறுவனின் குரல்மேல் குரல் விழுந்து அது இன்னும் குழம்பும் என்பது என் அனுபவம். அது சாப்பிடும் அந்த ஒளிரும் பீப்பாய் ஒன்றைத் தேடி எடுத்து வந்து தண்ணீரில் எறியுங்கள். எறிந்துவிட்டுக் கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கழுத்தை நீட்டிப் பார்க்கும். ஒரு காலைத் தூக்கி, மறுபடி பின்னால் வைத்துக்கொள்ளும். உடம்பு முழுவதும் தயங்கும். அதை அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருங்கள். அது இறங்கிய பிறகு எனக்கு மறுபடி ஒரு கடிதம் போடுங்கள்.