மேட்டில் நிற்கும் பிக்கப்: கார்புரேட்டரை மாற்றுவதற்கு முன்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் சின்னதாகச் செம்பனைத் தோட்டம் வைத்திருக்கிறோம். அப்பாவின் 1987 ஹைலக்ஸ் பெட்ரோல் பிக்கப், குலை ஏற்றிக் கிளம்பிய இருபது நிமிடத்தில் மேட்டில் திணறி நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் விட்டு ஸ்டார்ட் அடித்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறது. கார்புரேட்டரையே மாற்ற வேண்டும், 900 ரிங்கிட் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் கெட்டிருந்தால், பெரும்பாலும் காலையில் வீட்டு வாசலிலேயே தொல்லை தொடங்கிவிடும். இருபது நிமிடம் நன்றாக ஓடிய வண்டி நிற்கிறது என்றால், ஒன்று பெட்ரோல் வந்து சேரவில்லை, இல்லையேல் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயில் சூடாகி ஸ்பார்க் நின்றுபோகிறது. இரண்டில் எது என்பதை நீங்களே பார்த்துவிடலாம்.

அடுத்த முறை நின்றதும் மறுபடி ஸ்டார்ட் அடிக்காமல் போனட்டைத் திறங்கள். கார்புரேட்டரின் பக்கவாட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். துடைத்துவிட்டுப் பாருங்கள். பாதிக் கண்ணாடிக்குப் பெட்ரோல் நின்றால் காயிலைச் சோதிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி காலியாக இருந்தால், டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில்தான் பெரும்பாலும் கோளாறு.

காலியென்றால் முதலில் டேங்க் மூடியைச் சந்தேகப்படுங்கள். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்கு மூடிக்குள் ஒரு சின்ன வால்வு உண்டு. தோட்டத்துச் செம்மண் தூசி அதை அடைத்துவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாது. நீங்கள் காத்திருக்கும் கால் மணி நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகிறது, வண்டியும் கிளம்புகிறது. திணறும்போது ஓரம் கட்டி மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்'ஸென்று காற்று உள்ளே இழுத்தால் குற்றவாளி அதுதான். டேங்க் நிறைய ஊற்றிய அன்று தொல்லை சீக்கிரமே வரும், ஏனென்றால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு. 'மூடி புதுசுதானே' என்று விட்டுவிடாதீர்கள். மரைக்குப் பொருந்தும் மூடியெல்லாம் வால்வு உள்ள மூடி இல்லை. நான் பார்த்த வண்டிகளில் பாதிக்குமேல் கடைக்காரர் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டதுதான். அதற்காக மூடியை எறிந்துவிட்டுத் துணியை அடைத்து ஓட்டவும் கூடாது. மழைத்தண்ணீர் இறங்கும், நெருப்புக்கும் வழி.

மூடி சரியென்றால் ஃபில்டர், பிறகு ரப்பர் குழாய். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் வெடிப்பு இருந்தால் வெளியே சொட்டாது, உள்ளே காற்றைத்தான் இழுக்கும். அதனால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பழைய குழாயை மொத்தமாக மாற்றுங்கள், செலவு சொற்பம்.

பம்பைச் சோதிக்க இன்ஜின் ஆறட்டும். காயிலுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் குழாயைப் போத்தலுக்குள் விட்டு, ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் துடிப்புத் துடிப்பாக வலுவாகப் பீய்ச்ச வேண்டும். பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. இன்ஜின் ஆயில் குச்சியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? பம்புக்குள் அசைந்து பெட்ரோலைத் தள்ளும் சவ்வு, அதாவது டயாஃப்ரம், கிழிந்திருக்கலாம். அப்படியே ஓட்டினால் இன்ஜின் போய்விடும்.

பம்பு போயிருந்தால், 'எலக்ட்ரிக் பம்பு போட்டுவிடலாம் அண்ணே' என்று ஒருவர் வருவார். உங்கள் கார்புரேட்டர் தாங்குவது 3, 4 பிஎஸ்ஐ அழுத்தம்தான். கழற்றுக் கடையிலிருந்து எடுத்து வரும் இன்ஜெக்‌ஷன் கார் பம்பு 40 பிஎஸ்ஐ அளவுக்குத் தள்ளும். பெட்ரோல் வழிந்து சூடான இன்ஜின்மேல் கொட்டும். என் கண்முன்னே ஒரு பிக்கப் இப்படி எரிந்திருக்கிறது.

இன்னொருவர் 'ஈப்போவில் தெரிந்த ஆளிடம் சர்வீஸ் செய்து தருகிறேன்' என்று கார்புரேட்டரை வாங்கிப் போவார். நானும் ஒரு முறை கொடுத்து ஏமாந்தேன். திரும்பி வந்தபோது உள்ளே பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டுகள் வேறு. கழற்றினால் உங்கள் கண்ணெதிரே கழற்றட்டும்.

பட்டறைப் பையன்களைத் திட்டியும் பயனில்லை. இரண்டு வருடம் படித்துச் சான்றிதழோடு வருகிறார்கள். கோளாறைக் காட்டும் ஸ்கேனரை எங்கே சொருகுவது என்று கேட்கிறார்கள். 1987 வண்டியில் சொருக இடம் ஏது? தோட்டப்புறமெங்கும் இந்த வண்டிகள் ஓடிக்கொண்டிருக்க, கார்புரேட்டரைத் திறந்து காட்டக்கூட ஒரு பயிற்சி மையத்துக்கு நேரமில்லை. பணம் கட்டுவது உங்கள் அப்பா போன்றவர்கள்.

கழற்றிய ஃபில்டரை வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். பழுப்புத் தூள் கொட்டினால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. அதை இறக்கிக் கழுவாமல் எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் ஜாலோங் மேட்டில் மறுபடி நிற்பீர்கள்.