வாசகர் கேள்வி பதில்: வரப்போகும் மென்பொருள் வானொலிக்காகக் காத்திருப்பதா?

கேள்வி: ஐயா, தொலைதூர வானொலி அலைகளைத் தேடிக் கேட்பதில் ஆர்வமுள்ள நாங்கள் நால்வர் மாங்குளத்தில் இருக்கிறோம். மென்பொருளால் இயங்கும் புதிய றிசீவர் ஒன்று விரைவில் சந்தைக்கு வரப்போவதாக நண்பர்களிடையே கதை அடிபடுகிறது. நாங்கள் கண்டது மங்கலான ஒரு படம் மட்டுமே. அதில் அன்ரனா செருகும் வாய்கள் இரண்டு தெரிகின்றன. 16 பிட், 20 மெகாஹேர்ட்ஸ் அகலம், யூ.எஸ்.பி. 2 இணைப்பு, 100 டொலருக்கும் குறைந்த விலை என்றெல்லாம் சொல்கிறார்கள். சேர்த்துவைத்த பணத்தில் இப்போதே சிறியதொன்றை வாங்குவதா, அல்லது அதற்காகப் பொறுத்திருப்பதா?
– வாசகர், மாங்குளம்

பதில்: பொறுத்திருக்க வேண்டாம், சிறியதை வாங்கி இப்போதே கேட்கத் தொடங்குங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இப்படிக் காத்திருந்தே ஆர்வம் தணிந்துபோன இளைஞர்களை நான் கண்டிருக்கிறேன்.

முதலில் அந்தக் கதையையே எடுத்துக்கொள்வோம். மென்பொருள் வானொலி, அன்ரனாவில் விழும் அலையை எண்களாக்கிக் கணினிக்கு அனுப்புகிறது. பழைய பெட்டிகளில் கம்பிச் சுருள்களும் கொள்ளளவிகளும் பார்த்த வேலையை, அந்த எண்களைக் கொண்டு மென்பொருள் பார்க்கிறது. ஆகவே அந்த எண்கள் செல்லும் வழி எவ்வளவைத் தாங்கும் என்று கணக்குப் போட்டாலே பல வதந்திகள் உதிர்ந்துவிடும். 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தைத் திரையில் காட்ட வினாடிக்கு ஏறத்தாழ 2 கோடி மாதிரிகள், அதாவது அலையை அளந்தெடுத்த அளவுகள், தேவை. ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் கொண்ட இரண்டு எண்கள். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு 64 கோடி பிட் வருகிறது. யூ.எஸ்.பி. 2 இணைப்பின் உச்ச வேகமோ 48 கோடி பிட். அதுவும் முழுமையாக நமது பயன்பாட்டுக்குக் கிடைப்பதில்லை. எனவே 16 பிட், 20 மெகாஹேர்ட்ஸ், யூ.எஸ்.பி. 2 என்று உங்கள் காதில் விழுந்த மூன்று செய்திகளுள் ஒன்றாவது பிழையாக இருக்க வேண்டும்.

இரண்டு வாய்கள் தெரிவதை வைத்தும் எதையும் முடிவுகட்ட இயலாது. எஸ்.டி.ஆர்.பிளே நிறுவனத்தின் ஆர்.எஸ்.பி.டுவோ என்னும் றிசீவரில், வேண்டிய அலையைத் தெரிந்தெடுக்கும் டியூனர்கள் தனித்தனியாக இரண்டு இருப்பதால் ஒரே வேளையில் இரு வேறு அலைப்பகுதிகளைக் கேட்கலாம். அதே நிறுவனத்தின் ஆர்.எஸ்.பி.டி.எக்ஸில் மூன்று அன்ரனா வாய்கள் இருந்தும் டியூனர் ஒன்றுதான். 16 பிட் என்பதும் அப்படியே. மிக மெல்லிய அலை முதல் மிக வலுத்த அலை வரை கையாளும் வீச்சை ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெல் கூட்டும் என்பது காகிதக் கணக்கு. வேண்டாத அலைகளைத் தடுக்க முகப்பிலுள்ள வடிகட்டிகள் தரமற்றவையாக இருந்தால் அந்த வீச்சு நமக்குப் பயன்படுவதில்லை. படத்தைப் பார்ப்பவர்கள் வாய்களை எண்ணுகிறார்களே தவிர வடிகட்டிகளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

அறிவித்த பொருளும் உடனே கைக்கு வருவதில்லை. ஐகொம் நிறுவனத்தின் ஐ.சி.-7300 என்னும் வானொலிக் கருவி ஜப்பானில் 2015 இல் காட்டப்பட்டு 2016 இல் விற்பனைக்கு வந்தது, ஐ.சி.-705 காட்டப்பட்டது 2019 இல், கிடைத்தது 2020 இல். அமெரிக்காவில் மே மாதத்திலும், ஜெர்மனியில் ஜூனிலும், டோக்கியோவில் ஆகஸ்டிலும் வானொலி ஆர்வலர்களின் பெருங்கண்காட்சிகள் நடப்பது வழக்கம். அவற்றை ஒட்டியே இத்தகைய கதைகள் பெருகும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இந்தப் பொழுதுபோக்கை ஏழை மாணவனின் கைக்கும் கொண்டுவந்த கருவியை முன்கூட்டியே ஊகித்தவர் எவருமில்லை. அது கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று விற்கப்பட்ட ஒரு விரல் நீளக் குச்சி. அதிலிருந்த ஆர்.டி.எல்.2832யூ என்னும் சிப்பை அலைகளை அப்படியே எண்களாக்கித் தரவைக்கலாம் என்பதை, பின்லாந்தைச் சேர்ந்த அன்ரி பலோசாரியும் வேறு சில மென்பொருளாளர்களும் கண்டறிந்தார்கள்; 2012 முதல் அது உலகெங்கும் பரவியது. வெறும் 8 பிட்தான். ஆயினும் நான் உங்களுக்கு வாங்கச் சொல்வது அந்த வழியில் வந்த ஒன்றையே. சாதாரணக் குச்சிகள் ஏறத்தாழ 24 மெகாஹேர்ட்ஸுக்கு மேலேதான் கேட்கும் என்பதால், சிற்றலையும் எடுக்கும் மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள்.

மீதிப் பணத்தை அன்ரனாவுக்குச் செலவிடுங்கள். எடுத்துக்காட்டாக, 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு அரை அலைநீளக் கம்பி ஏறத்தாழ 20 மீற்றர். நடுவில் வெட்டிப் பக்கத்துக்குப் பத்தாக, இரண்டு மரங்களுக்கிடையே உயரக் கட்ட வேண்டும். கொழும்பில் அடுக்குமாடியில் இருப்பவருக்கு எந்த விலை கொடுத்தாலும் கிடைக்காத இடவசதி, உங்கள் வளவில் இரண்டு வேம்புகளுக்கிடையே சும்மா கிடக்கிறது. வீடுகள் நெருக்கமில்லாததால் மின்னிரைச்சலும் குறைவு, ஆனால் சூரியத் தகடுகளைக் கவனியுங்கள். என் வீட்டில் 7 மெகாஹேர்ட்ஸ் பகுதி முழுவதும் திரையில் சீப்புப் பல் போல வரிசையாகக் கோடுகள் விழுந்துகொண்டிருந்தன. புதிய றிசீவர் வாங்கத்தான் வேண்டும் என்று பல மாதங்கள் நம்பியிருந்தேன். ஒரு மாலை சூரியத் தகட்டின் சார்ஜ் கட்டுப்படுத்தியைக் கழற்றியதும் அத்தனை கோடுகளும் ஒரே கணத்தில் மறைந்து, மங்கிய தமிழ்க் குரலொன்று மேலெழுந்தது.

மின்சாரமும் பற்றரியும் இல்லாதிருந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் செய்தி கேட்ட மண் இது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெட்டியைவிடக் கேட்கும் ஆவல் எவ்வளவு பெரிது என்பதை அவர்கள் சொல்வார்கள்.

கேள்வி: என்னிடமுள்ள சிறிய குச்சியில் சிற்றலை கேட்கும்போது, புத்தளத்து மத்திய அலை நிலையம் சம்பந்தமில்லாத இடங்களிலும் தலைகாட்டுகிறது. வரப்போகும் கருவி இதைத் தீர்க்குமா?
– வாசகர், மன்னார்

பதில்: முகப்பில் நல்ல வடிகட்டி இருந்தால் தீர்க்கும், அதைப் பொருள் வெளிவந்த பின்னரே அறியலாம். 882 கிலோஹேர்ட்ஸில் பெருவலுவுடன் வரும் அந்த அலை உங்கள் குச்சியைத் திணறடிக்கிறது. 2 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றை அன்ரனாவுக்கும் குச்சிக்கும் இடையே பொருத்துங்கள்.

கேள்வி: புதிய கருவி அலைகளை அனுப்பவும் வல்லது என்கிறார்கள். பாடசாலையில் பயன்படுத்தலாமா?
– ஆசிரியை, கிளிநொச்சி

பதில்: அமெச்சூர் வானொலியில், அதாவது பொழுதுபோக்காகப் பேசுவோருக்கான அலைகளில், அனுப்புவதற்கு உரிமம் கட்டாயம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்தவர்களுக்கே அது வழங்கப்படுகிறது. அனுப்பும் வலு எவ்வளவு சிறிதாயினும் இதில் மாற்றமில்லை. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாயின் பணம் கட்டுமுன் ஆணைக்குழுவிடம் கேட்டுவிடுங்கள்.

மாணவர்களுக்குக் கேட்பதற்கே நிறைய உண்டு. பயனற்றுக் கிடக்கும் தொலைக்காட்சித் தட்டு அன்ரனா ஒன்றிருந்தால், அதை மேற்கிலிருந்து சிறிதளவு தெற்கே திருப்பி, அடிவானிலிருந்து 27 பாகை மேலே நோக்கவையுங்கள். 2018 இல் ஏவப்பட்ட ஏஸ்ஹைல்-2 செயற்கைக்கோளில் அமெச்சூர் வானொலிக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஐரோப்பா, ஆபிரிக்கா, இந்தியா முதலிய இடங்களிலிருந்து பேசுபவர்களின் குரல்கள் அதில் 10,489.5 மெகாஹேர்ட்ஸ் முதல் இறங்குகின்றன. தட்டின் முனையிலிருந்து அலையை வாங்கிக் குறைந்த அதிர்வெண்ணுக்கு மாற்றும் எல்.என்.பி. என்னும் சிறு பெட்டி அதிலிருந்து 9,750 ஐக் கழித்துத் தருவதால், சாதாரணக் குச்சியிலேயே 739.5 முதல் 740 வரை தேடினால் போதும். எல்.என்.பி.க்கு 12 வோல்ற் மின் வழங்கலைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அது குச்சிக்குள் பாய்ந்துவிடாதபடி இடையில் பவர் இன்ஜெக்டர் ஒன்றைப் பொருத்துங்கள்.