இங்வர் சிகுர்த்சன் படங்கள்: கேள்வி பதில்

ஐஸ்லாந்து நடிகர் இங்வர் சிகுர்த்சனின் படங்களைப் பல வருடங்களாகத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். அவரைப் பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: 'டிராப்ட்' தொடரில் ஆஸ்கெயிர் என்ற போலீஸ்காரராக வருகிறாரே, அவர்தானே? துணைப் பாத்திரத்தில் வருபவரைப் பெரிய நடிகர் என்கிறீர்களே?

அவரேதான். பனிப்புயலில் வழி அடைபட்டுப் போன துறைமுக ஊர், அதில் மூன்று போலீஸ்காரர்கள். கதை ஆந்த்ரியையும் ஹின்ரிகாவையும் சுற்றித்தான் போகும். ஆஸ்கெயிர் கூடவே இருப்பார். ஐஸ்லாந்தின் மக்கள்தொகை நான்கு லட்சத்தைக்கூட எட்டவில்லை. அங்கே இந்தப் படத்தின் நாயகன் அடுத்த படத்தில் இரண்டு நிமிடம் வந்துவிட்டுப் போவது சாதாரணம். 2021இல் வந்த 'லேம்ப்' படத்தில் இங்வர் எங்கே இருக்கிறார் தெரியுமா? கதாபாத்திரங்களின் வீட்டு டிவியில் தெரியும் ஆளாக. அதற்கு முன்பே கான் திரைப்பட விழாவில் விருது வாங்கியவர் அவர்.

கேள்வி: இங்வர் ஈ. சிகுர்த்சன் என்று போடுகிறார்கள். அந்த 'ஈ' நம் ஊர் இனிஷியல் மாதிரி அப்பா பெயரா?

இல்லை. 'ஈ' என்பது எகெர்ட், அதுவும் அவருடைய சொந்தப் பெயர்தான். அப்பா பெயர் பின்னால் இருக்கிறது: சிகுர்த்சன் என்றால் சிகுர்தூரின் மகன். மகளாக இருந்தால் 'தோத்திர்' என்று முடியும். பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அதனால் அங்கே யாரும் அவரை 'மிஸ்டர் சிகுர்த்சன்' என்று கூப்பிடுவதில்லை, இங்வர்தான்.

கேள்வி: அண்ணா, எந்தப் படத்திலிருந்து ஆரம்பிக்கலாம்?

2000இல் வந்த 'ஏஞ்சல்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ்'. எய்னார் மார் குவித்முந்த்சன் எழுதிய நாவலை ஃப்ரித்ரிக் தோர் ஃப்ரித்ரிக்சன் படமாக்கினார். பால் என்ற இளைஞனுக்கு மனம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகுகிறது. ரெய்க்யாவிக் நகரின் க்ளெப்பூர் மனநல மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். பாலாக இங்வர்.

மனநோயாளி வேடம் என்றால் கண்ணை உருட்டுவது, கத்துவது என்று நடிகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இங்வர் அந்தப் பக்கமே போகவில்லை. பால் ஒரு விஷயத்தைக் கவனித்துக் கேட்டுக்கொண்டிருப்பான், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கவனம் வேறு எங்கோ போய்விடும். உடம்பு மட்டும் நாற்காலியில் இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் அவருடைய மற்ற படங்களைத் தேட ஆரம்பித்தேன். நோயாளிகள் உயர்தர ஓட்டலுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "நாங்கள் எல்லோரும் க்ளெப்பூர்க்காரர்கள், தயவுசெய்து போலீஸைக் கூப்பிடுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லும் காட்சி ஐஸ்லாந்தில் எல்லோருக்கும் தெரிந்தது. சிரிப்பு வரும், கூடவே தொண்டையும் அடைக்கும்.

கேள்வி: 'ஜார் சிட்டி'யில் ஆட்டுத்தலை சாப்பிடும் காட்சி எதற்கு? அருவருப்பாக இருந்தது.

நம் ஊரில் தலைக்கறி சாப்பிடுவதில்லையா! அங்கே அதன் பெயர் 'ஸ்வித்'. ரோமத்தைத் தீயில் பொசுக்கி, இரண்டாகப் பிளந்து வேகவைப்பார்கள். பழைய, எளிய சாப்பாடு. 2006இல் பால்தசார் கோர்மாகூர் எடுத்த படம், கதை அர்னால்தூர் இந்த்ரிதாசனின் துப்பறியும் நாவல். இன்ஸ்பெக்டர் எர்லென்தூராக வரும் இங்வர் நாள் முழுக்கப் பிணங்களோடும் பரம்பரை நோய் பற்றிய விசாரணையோடும் கழித்துவிட்டு, வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து கத்தியால் நறுக்கிச் சாப்பிடுகிறார், கண்ணையும் விடவில்லை. இந்த ஆளுக்குக் காத்திருக்க யாரும் இல்லை, சமைத்துத் தரவும் யாரும் இல்லை என்பதை ஒரு வசனம்கூட இல்லாமல் சொல்லிவிடுகிறார். படம் 2007இல் செக் நாட்டின் கார்லோவி வாரி திரைப்பட விழாவின் முதல் பரிசை வென்றது.

கேள்வி: 'ஆஃப் ஹார்ஸஸ் அண்ட் மென்' போஸ்டரில் ஆளைச் சுமந்த குதிரை மேல் இன்னொரு குதிரை ஏறுகிறதே, அந்தக் காட்சி படத்திலும் உண்டா?

2013 படம், இயக்கம் பெனெடிக்ட் எர்லிங்சன். கோல்பெய்ன் என்ற விவசாயி நன்றாக உடுத்திக்கொண்டு, தன் வெள்ளைப் பெண்குதிரையில் கம்பீரமாகப் பக்கத்துப் பண்ணைக்குப் போகிறார். ஊரே தொலைநோக்கியில் பார்க்கிறது. திரும்பும்போது அந்த வீட்டு ஆண்குதிரை வேலியை உடைத்துக்கொண்டு வந்து, அவர் மேலே உட்கார்ந்திருக்கும்போதே பெண்குதிரையோடு சேர்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் இங்வரின் முகத்தைப் பாருங்கள். இறங்கவும் முடியாது, பார்க்காத மாதிரி இருக்கவும் முடியாது. மானம் போவது எப்படி இருக்கும் என்று அந்த இறுகிய உதடுகளில் தெரியும்.

ஐஸ்லாந்துக் குதிரை பற்றியும் ஒன்று: அந்தத் தீவுக்கு வெளியிலிருந்து குதிரை கொண்டுவரச் சட்டம் இடம் தராது. வெளியே போன குதிரையும் திரும்பி வர முடியாது. அப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்கும் ஊரில் குதிரைதான் ஒருவரின் கௌரவம்.

கேள்வி: சார், ஹாலிவுட்டில் என்னவெல்லாம் செய்திருக்கிறார்?

'கே-19'இல் ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பல் ஆள், 'எவரெஸ்ட்'டில் மலையேறும் அனடோலி பூக்ரேவ், 'ஜஸ்டிஸ் லீக்'கில் மீனவ கிராமத்தின் மேயர், 'ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்' இரண்டாம் பாகத்தில் கிரிம்சன். இவற்றில் பூக்ரேவ் பரவாயில்லை. மற்றவற்றில் அந்த முகத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள் என்பது என் வருத்தம்.

கேள்வி: இயக்குநர் ஹ்லினூர் பால்மசனோடு செய்த படங்களில் எது பெரியது, 'ஏ ஒயிட், ஒயிட் டே'யா, 'காட்லாண்ட்'டா?

படமாகப் பார்த்தால் 'காட்லாண்ட்' பெரியது. நடிப்பாகப் பார்த்தால் 2019இல் வந்த 'ஒயிட் டே'தான். இதில் நான் அசைய மாட்டேன்.

இங்கிமுந்தூர் என்ற போலீஸ்காரர், மனைவியை விபத்தில் பறிகொடுத்தவர். மகள் குடும்பத்துக்காக ஒரு பழைய கட்டடத்தை வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறார். மனைவிக்கு வேறொருவரோடு உறவு இருந்ததோ என்ற சந்தேகம் வருகிறது. செத்தவரிடம் கேட்கவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. அந்தக் கோபத்தை இங்வர் ஒரு மணி நேரத்துக்கு மேல் உடம்புக்குள்ளேயே வைத்திருக்கிறார். சுத்தியல் பிடிக்கும் விதத்தில், கார் கதவைச் சாத்தும் விதத்தில் அது கசிகிறது. பேத்தி சல்கா பக்கத்தில் இருந்தால் மட்டும் தோள் தளர்கிறது. சல்காவாக நடித்தது இயக்குநரின் மகள். பாதையில் கிடக்கும் பாறையை இங்கிமுந்தூர் தள்ளிவிட, அது மலைச்சரிவில் உருண்டு உருண்டு கடலுக்குள் போகும் வரை கேமரா விடாது. அந்த மனிதருக்குள் நடப்பதும் அதுவே.

கான் விழாவோடு நடக்கும் விமர்சகர் வாரத்தில் இதற்காக அவருக்குக் கிடைத்தது 'வளரும் நட்சத்திரம்' விருது, 55 வயதில். பலர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அது சரியென்றே பட்டது. அத்தனை வருட வேலை அந்தப் படத்தில்தான் முழுதாக வெளியே வந்தது.

அப்புறம், 2022இல் வந்த 'காட்லாண்ட்'. 19ஆம் நூற்றாண்டின் கடைசி, ஐஸ்லாந்து இன்னும் டென்மார்க்கின் கையில். தேவாலயம் கட்ட வரும் டேனிஷ் பாதிரியாருக்கு வழிகாட்டி ராக்னராக இங்வர். பாதிரியாருக்கு ஐஸ்லாந்து மொழி வாயில் நுழையவில்லை, ராக்னருக்கு டேனிஷ் மேல் வெறுப்பு. ஆனாலும் கடவுளின் ஆளாக என்ன செய்ய வேண்டும் என்று அவர் கேட்கும் இடம் இருக்கிறதே, முரட்டு ஆள் குழந்தையாகிவிடுவார்.

கேள்வி: நாடகப் பின்னணி உண்டா?

அடித்தளமே அதுதான். வெஸ்தூர்போர்ட் குழுவோடு காஃப்காவின் 'உருமாற்ற'த்தில் பூச்சியாக மாறுபவனின் அப்பாவாக நடித்தார். சுவரில் ஏறி நடக்கும் நாடகம் அது. உடம்பை வைத்துப் பேசும் பழக்கம் அங்கே உரம் பெற்றது என்று நினைக்கிறேன்.

கேள்வி: அண்ணா, அம்மா தவறி ஏழு மாதம் ஆகிறது. அப்பா பேசுவதே இல்லை. நீங்கள் சொல்லும் அந்த 'ஒயிட் டே' படத்தை அவரோடு பார்க்கலாமா?

முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள் தம்பி. படம் ஆரம்பிப்பதே மூடுபனியில் போகும் காரோடுதான். அம்மா போனது விபத்தில் என்றால் இப்போது வேண்டாம், ஒரு வருடம் போகட்டும். மனைவி மேல் சந்தேகம் வருவதும் கதையில் இருக்கிறது. அது அப்பாவுக்கு வலிக்குமா என்று உங்களுக்குத்தான் தெரியும். சரி என்று தோன்றினால் மட்டும் கூட உட்காருங்கள். காருக்குப் பிறகு கொஞ்ச நேரம் அந்த வீடு மட்டும்தான் திரையில் வரும். மழை, பனி, வெயில் என்று பருவங்கள் மாறிக்கொண்டே இருக்கும், ஒன்றும் நடக்காது. அப்பா எழுந்து போகப் பார்ப்பார். பேத்தி வரும் வரைக்கும் எப்படியாவது உட்கார வையுங்கள்.