கர்ஜிக்கிறவர்தான் தலைவரா?

கேள்வி: பதினைந்து வருடமாக அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் விடாமல் பார்க்கிறேன். கோச் என்றால் நிக் சேபன் மாதிரி இருக்க வேண்டும். ஒரு முறை முறைத்தால் நூறு பையன்களும் நடுங்க வேண்டும். அவர் ஓய்வு பெற்ற அதே வருடம் அவருடைய அணியான அலபாமா போயும் போயும் வாண்டர்பில்ட்டிடம் தோற்றது. இப்போதைய கோச்சுகளோ, பையன்கள் வேறு கல்லூரிக்கு ஓடிவிடுவார்களே என்று பயந்து முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். தலைமை பிறவிக் குணம், பயமுறுத்தத் தெரியாதவருக்கு அது வராது என்கிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனையும் அப்படிப்பட்ட ஒரு கோச்சிடம்தான் விடப்போகிறேன். நான் சொல்வது சரிதானே?
— ஒரு வாசகர், அட்லாண்டா

பதில்: சரியில்லை. மகனையும் இதில் சேர்த்துவிட்டதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

வாண்டர்பில்ட் தோல்வி 2024 அக்டோபர் 5, 40-35. சரி. 2007 நவம்பர் 17 அன்று நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் பார்க்கத் தொடங்குவதற்கு முந்தைய கதை. சேபன் அலபாமாவுக்கு வந்த முதல் சீசன். லூசியானா-மன்ரோ என்ற சின்ன அணி அலபாமாவின் சொந்த மைதானத்துக்கே வந்து 21-14 என்று ஜெயித்துவிட்டுப் போனது. அந்த சீசனில் களத்தில் கிடைத்தது 7 வெற்றி, 6 தோல்வி. அன்றைக்கும் இதே சேபன்தான், இதே முறைப்புதான். 2009-க்கும் 2020-க்கும் இடையில் அதே மனிதர் அலபாமாவுக்கு ஆறு தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். நடுவில் அவர் முகம் மாறிவிடவில்லை.

அவருடைய முறை எங்கே பிறந்தது என்று பாருங்கள். 1998-ல் அவர் மிஷிகன் ஸ்டேட்டில் இருந்தார். நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த ஒஹையோ ஸ்டேட்டுடன் அவர்கள் மைதானத்திலேயே ஆட வேண்டும். தன் அணியோ 4 வெற்றி, 4 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் லானி ரோசன் அவருக்கு ஒரு கணக்கைக் காட்டினார். பந்தை ஸ்னாப் செய்வது (ஆட்டத்தைத் தொடங்கப் பின்னால் கொடுப்பது) முதல் விசில் வரை சராசரியாக ஏழு விநாடி. அந்த ஏழு விநாடியில் உன் வேலை என்னவோ அதை மட்டும் செய், விசில் அடித்ததும் அதை மற, அடுத்ததைப் பார், ஸ்கோர்போர்டு பக்கம் திரும்பாதே. 24-9 என்று பின்தங்கியிருந்த அணி 28-24 என்று ஜெயித்தது. சேபன் அதற்குப் பிறகு எங்கே போனாலும் இதைத்தான் கொண்டுபோனார். 'ப்ராசஸ்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பிறவிக் குணம் என்கிறீர்களே, நாற்பத்தேழு வயதில் இன்னொருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டது இது.

தலைமை உண்மையில் எங்கே சோதிக்கப்படுகிறது என்றால் மணிக்கணக்கில். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. விதிப்படி சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. சனிக்கிழமைப் போட்டி எவ்வளவு நேரம் இழுத்தாலும் 3 மணி என்றுதான் கணக்கு. மிச்சம் 17. எடைப் பயிற்சி, வீடியோ பார்க்கும் கூட்டம், களப் பயிற்சி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பத்து கெஜம் முன்னேற ஒரு அணிக்கு நான்கு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன். பல அணிகளில் செவ்வாய் முதல் இரண்டு டவுன்களுக்கு, புதன் மூன்றாவது டவுனுக்கு, வியாழன் எதிரணியின் கடைசி 20 கெஜத்துக்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். பயிற்சியை 5 நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஹார்ன் அடித்ததும் அடுத்த இடத்துக்கு ஓடுகிறார்கள். இதில் கோச்சின் வேலை எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதுதான். விட மனமில்லாதவர் ஒரே வாரத்தில் எல்லா ஆட்டத் திட்டங்களையும் பையன்கள் தலையில் ஏற்றுவார். சனிக்கிழமை அவர்கள் நின்று யோசிப்பார்கள், யோசிக்கிற பையனின் கால் தாமதிக்கும், அடுத்த ஸ்னாப்புக்குக் கொடுக்கப்படும் 40 விநாடிக் கடிகாரம் ஓடிவிடும். வீட்டில் சோபாவில் இருந்து பார்க்கிறவர்கள் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைத் திட்டுவார்கள்.

குரலைப் பற்றி ஒரு விஷயம். 2024 முதல் பெரிய கல்லூரி அணிகளில் களத்தில் இருக்கும் ஒரே ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் கோச் ரேடியோவில் பேசலாம். அந்த 40 விநாடிக் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்த இணைப்பு தானாகவே அறுந்துவிடும். அதற்குப் பிறகு எண்பதாயிரம் பேர் இரைச்சலில் எந்த கர்ஜனையும் உள்ளே போகாது. கடைசி 15 விநாடி பையன்களுடையது. செவ்வாய், புதனில் அவர்களுக்கு என்ன பழகியதோ அதுதான் அப்போது வெளியே வரும்.

இனி, உங்கள் அளவுகோலில் தலைவருக்கு மறுபேச்சே கிடையாது. மறுபேச்சு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 அக்டோபர் 7 ஆட்டத்தைப் பாருங்கள். மியாமி 20-17 என்று முன்னால் இருக்கிறது, பந்தும் மியாமியிடம். எதிரே ஜார்ஜியா டெக், உங்கள் ஊர் அணி. அவர்களிடம் கடிகாரத்தை நிறுத்த ஒரு டைம்-அவுட் கூட மிச்சமில்லை. கடிகாரத்தில் 33 விநாடி. குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி ஒரு முறை மண்டியிட்டால் கடிகாரம் நிற்காமல் ஓடும்; அடுத்த ஸ்னாப்புக்கு 40 விநாடி அவகாசம் உண்டு; 33-ஐ விட 40 பெரிது. ஆட்டம் முடிந்தது. மியாமி கோச் மரியோ கிறிஸ்டோபாலின் அணி மண்டியிடாமல் பந்தோடு ஓடியது. 26 விநாடி இருக்கும்போது பந்து கைநழுவியது. ஜார்ஜியா டெக் 74 கெஜம் கடந்து டச்டவுன் போட்டு 23-20 என்று ஜெயித்தது. தப்பு தன்னுடையது என்று கிறிஸ்டோபால் பிறகு ஒப்புக்கொண்டார், அது நேர்மை. ஆனால் கூட்டல் கழித்தல் தெரியாமல் யாரும் அந்த வேலைக்கு வருவதில்லை. களத்தில் உதவி கோச்சுகள், மேலே கண்ணாடி அறையில் சிலர், எல்லோர் காதிலும் ஹெட்செட். 'மண்டியிடச் சொல்லுங்கள்' என்று குறுக்கே பேசுவதை ஒருவருடைய வேலையாகவே கொடுத்திருக்க வேண்டும். பல அணிகள் எத்தனை விநாடி, எதிரணிக்கு எத்தனை டைம்-அவுட், எத்தனையாவது டவுன் என்று ஒரு அட்டை போட்டு அதற்கென்று ஒரு ஆளை வைத்திருக்கின்றன. அந்த ஆள் சொன்னால் தலைமை கோச் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். அதை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பவரைத்தான் நான் தலைவர் என்பேன்.

பையன்கள் ஓடிவிடுவது பற்றி: வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற விதி 2021-ல்தான் தளர்ந்தது. அதுவரை கோச்சின் கம்பீரம் கட்டிப்போட்டது என்று நாம் நினைத்ததில் பாதி அந்த விதி கட்டிப்போட்டது.

சேபனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரி 8, அட்லாண்டாவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துடன் ஆடிய தேசிய இறுதிப் போட்டியில், முதல் பாதியில் 13-0 என்று பின்தங்கியதும், தொடங்கிய 27 ஆட்டங்களில் 25 ஜெயித்த குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்து, முதல் வருட மாணவர் டுவா டங்கோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில், 26 கெஜம் எடுக்க வேண்டிய நிலையில், டங்கோவைலோவா டெவோன்டா ஸ்மித்துக்கு 41 கெஜம் எறிந்தார், 26-23. இதைத்தான் எல்லோரும் தைரியம் என்று கொண்டாடுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது ஏறத்தாழ பதினொரு மாதம் கழித்து நடந்தது. டிசம்பர் 1, அதே அட்லாண்டா மைதானம், எதிரே அதே ஜார்ஜியா. டங்கோவைலோவா காயம்பட்டு வெளியேற, பெஞ்சில் இருந்த ஹர்ட்ஸ் உள்ளே வந்து 35-28 என்று ஜெயித்துக் கொடுத்தார். எல்லார் முன்னாலும் இடத்தை இழந்த பையன் ஒரு சீசன் முழுக்கத் தயாராகவே இருந்திருக்கிறான். முதலில் பெருமை அவனுக்கு. அவனை அந்த நிலையில் வைத்திருந்த கோச்சுகளுக்கும் உண்டு. அது பயமுறுத்தி வருவதில்லை.

பயம் என்ன செய்யும் என்பதற்கு வருகிறேன். மேரிலாண்ட் பல்கலைக்கழகம், 2018 மே 29. பத்து முறை 110 கெஜ ஓட்டம். ஜார்டன் மெக்நேர், 19 வயது, கனமான உடம்புள்ள லைன்மேன் (முன்வரிசை வீரர்). பாதிக்கு மேல் ஓடியபோதே தடுமாற்றம் தெரிந்தது; இருந்தும் பத்தையும் முடிக்க வைத்தார்கள். உடம்புச் சூட்டை அளக்கவில்லை. ஐஸ் தண்ணீரில் இறக்கவில்லை. அவசர எண்ணுக்கு அழைக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆனது. ஜூன் 13 அன்று அவர் இறந்தார். பல்கலைக்கழகத் தலைவர் ஆகஸ்டில் சட்டப்படியும் தார்மீகமாகவும் பொறுப்பேற்பதாக அறிவித்தார், அக்டோபர் 31 அன்று தலைமை கோச் நீக்கப்பட்டார். முடியவில்லை என்று சொன்னால் கோழை என்று ஆகிவிடும் இடத்தில் எந்தப் பையன் வாயைத் திறப்பான்? எந்த மருத்துவ உதவியாளர் கையைத் தூக்கி நிறுத்துவார்?

உழைப்பால் வரும் வெப்ப அதிர்ச்சி காப்பாற்றக்கூடியது. கழுத்து வரை ஐஸ் தண்ணீரில் இறக்க வேண்டும், தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பை ஒட்டிய தண்ணீர் சூடாகி நின்றுவிடும். ஆசனவாய் வெப்பமானியால் அளக்க வேண்டும். வாய், நெற்றி அளவுகள் அப்போது ஏமாற்றும். ஏறத்தாழ 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியதும் வெளியே எடுக்க வேண்டும். ஆம்புலன்ஸை உடனே கூப்பிடுங்கள், ஆனால் குளிர்வித்த பிறகுதான் ஏற்ற வேண்டும். அரை மணி நேரத்துக்குள் 104-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் அநேகமாக எல்லோரும் பிழைத்துவிடுகிறார்கள்.

உங்கள் ஜார்ஜியா மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தில் இதற்கு எழுதிவைத்த விதி இருக்கிறது. வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் கருவி 92-க்கு மேல் காட்டினால் வெளியே பயிற்சியே கூடாது. 90 முதல் 92 வரை ஒரு மணி நேரம் மட்டும், ஹெல்மெட்டும் தோள்கவசமும் இல்லாமல், அந்த ஒரு மணியில் 20 நிமிடம் ஓய்வு. ஆகஸ்டில் மகனைச் சேர்க்கப் போகும்போது கோச் எப்படி முறைக்கிறார் என்று பார்க்க வேண்டாம். அந்தக் கருவியைக் காட்டச் சொல்லுங்கள். ஐஸ் தொட்டி எங்கே இருக்கிறது, பயிற்சி தொடங்கும் முன் அதில் தண்ணீர் நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அங்கே நிற்கும் மருத்துவ உதவியாளரைத் தனியாகக் கூப்பிட்டு, 'ஒரு பையனை நிறுத்த நினைத்தால் யாரிடம் அனுமதி கேட்பீர்கள்?' என்று கேளுங்கள். 'யாரிடமும் இல்லை' என்று அவர் தயங்காமல் சொன்னால் மகனை அங்கே விடுங்கள்.