சாய்ந்த துண்டைப் பிடிக்கும் வைஸ்: கேள்விகளும் பதில்களும்

இரு பக்கங்களும் இணையாக இல்லாத துண்டுகளைப் பிடிக்கும் வைஸை (திருகால் நகரும் தாடைக்கும் அசையாத தாடைக்கும் இடையே துண்டை இறுக்கும் கருவியை) எப்படி வடிவமைப்பது என்று உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, பிடிகருவி வடிவமைப்பில் நீண்ட காலம் பணியாற்றிய உறுப்பினர் ஒருவர் எழுதிய விடைகள் இவை.

கேள்வி (பொறியியல் மாணவர்): நகரும் தாடை தானாகத் திரும்பித் துண்டின் சாய்வுக்கு ஏற்பப் படிய வேண்டும். தாடைக்குப் பின்னால் ஓர் அச்சாணி வைத்தால் போதுமா, ஐயா?

பதில்: திரும்பும், ஆனால் தாடை முகத்துக்கும் அச்சாணிக்கும் இடையே உள்ள தொலைவு உங்களுக்குத் தொல்லை தரும். முகத்திலிருந்து 30 மி.மீ. பின்னால் அச்சாணியை அமைத்துத் தாடையை 10 டிகிரி திருப்பினால், முகத்தின் நடுப்புள்ளி 5 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகப் பக்கவாட்டில் விலகிவிடும். அதோடு, திருகு தரும் முழு விசையையும் அந்த ஒற்றை அச்சாணியே வெட்டுவிசையாகத் தாங்க வேண்டியிருக்கும்.

அரை உருளை அமைப்பையே நான் விரும்புவேன். தாடைத் தகட்டின் முதுகு உருளையின் ஒரு பகுதியைப் போலக் குவிந்திருக்கும். நகரும் உடலில் அதே ஆரத்தில் ஒரு குழிவு இருக்கும். வளைவின் மையம் தாடை முகத்தின் மேலேயே விழும்படி ஆரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது தாடை எந்தப் பக்கம் திரும்பினாலும் முகத்தின் நடு இடம் மாறாது, விசையும் அகன்ற பரப்பின் வழியே உடலுக்குள் இறங்கும். தாடை கழன்று விழாமல் இருக்க மட்டும் ஒரு சிறு முளை போதும்.

ஆரத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்க வேண்டாம். குழிவில் எழும் உராய்வு தாடை திரும்புவதைத் தடுக்கும். ஆரம் 25 மி.மீ., உராய்வுக் கெழு (அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வாக எழும் என்னும் விகிதம்) 0.1 என்று கொண்டால், விசை மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்கு மேல் விலகி விழுந்தால்தான் தாடை அசையும்; 100 மி.மீ. அகலத் தாடைக்கு அது பொருட்படுத்தத் தக்கதன்று. ஆரத்தை 80 மி.மீ. ஆக்கினால் அதே விலகல் 8 மி.மீ. ஆகிவிடும், குறுகிய துண்டைப் பிடிக்கும்போது தாடை பாதி வழியில் நின்றுவிடும். குழிவுக்குள் கிரீஸ் இருக்கட்டும், சீவல் புகாமல் இருக்கட்டும். நிலைத் தாடையை மட்டும் திரும்ப விடாதீர்கள். அளவுக்கு ஆதாரமாக ஏதேனும் ஒரு முகம் அசையாமல் நிற்க வேண்டும்.

கேள்வி (மரவேலை செய்பவர்): ஒரு முனை குறுகிய மேசைக் கால்களைப் பிடிக்க இவ்வளவு அமைப்பும் தேவையா?

பதில்: தேவையில்லை. சரிவாக அறுத்தபோது மிஞ்சிய ஆப்பு வடிவத் துண்டு உங்களிடமே இருக்கும். அதை அறுத்த இடத்திலேயே மீண்டும் காலின் சரிவான பக்கத்தோடு சேர்த்து வைத்தால் இரண்டு வெளிப்பக்கங்களும் இணையாகிவிடும். சாதாரண வைஸே பிடித்துக்கொள்ளும். எம்மர்ட் என்பவரின் பெயரால் அறியப்படும், 1891-இல் காப்புரிமை பெற்ற மாதிரியச்சுத் தச்சர் (வார்ப்புக்கான மர மாதிரிகளைச் செய்பவர்) வைஸ் இத்தகைய வேலைக்கென்றே சாயவும் திரும்பவும் செய்தது. அழகான கருவிதான், ஆனால் நான்கு மேசைக் கால்களுக்காக அதைச் செய்துகொள்ள வேண்டியதில்லை.

கேள்வி (மூவர் தனித்தனியே கேட்டது): எத்தனை டிகிரி வரை திரும்பும்படி தாடையை அமைக்கலாம்?

பதில்: எத்தனை டிகிரி வேண்டுமானாலும் திரும்ப வைக்கலாம். அந்தக் கோணத்தில் துண்டு நிற்குமா என்பதுதான் கேள்வி, அதை மூவருமே கேட்கவில்லை.

தாடை முழு முகமும் படிந்துவிட்டது என்பதால் துண்டு ஆப்பாக இருப்பது மாறிவிடாது. இரு தாடைகளும் நெருக்கும்போது ஆப்பு தன் தடித்த முனைப் பக்கமாக வெளியேறப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது உராய்வு ஒன்றே. இரு முகங்களுக்கும் இடைப்பட்ட கோணம் உராய்வுக் கோணத்தின் (சாய்தளத்தில் ஒரு பொருள் வழுக்காமல் நிற்கும் மிகப் பெரிய சாய்வின்) இரு மடங்குக்குள் இருந்தால் துண்டு நிற்கும், அதைத் தாண்டினால் நழுவும். எஃகின் மேல் எஃகு, உலர்ந்த நிலை, உராய்வுக் கெழு 0.15 என்றால் உராய்வுக் கோணம் சுமார் 8.5 டிகிரி, ஆகவே எல்லை 17 டிகிரி. எண்ணெய் படிந்து கெழு 0.1 ஆகிவிட்டால் எல்லை 11 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். துண்டை வெட்டும் கட்டரின் அதிர்வும் சேரும் என்பதால் இவற்றில் பாதியைத்தான் நான் நம்புவேன். பிடிக்கும் முன் துண்டையும் தாடையையும் துடையுங்கள்.

கேள்வி (பொருத்துநர்): நழுவினால் இன்னும் பலமாக இறுக்கலாமே? கைப்பிடியில் ஒரு குழாயை மாட்டி நீட்டிக்கொள்வது என் வழக்கம்.

பதில்: அந்த வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். இறுக்கத்தை இரட்டித்தால் உராய்வு இரட்டிக்கும். வெளியே தள்ளும் விசையும் அதே அளவு இரட்டிக்கும். 20 டிகிரியில் நழுவும் துண்டு எவ்வளவு இறுக்கினாலும் நழுவும். நழுவும்போது முன்னைவிட வேகமாகப் பாயும்.

வைஸுக்கு நேர்வதையும் கணக்கிடுங்கள். 20 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. புரியிடையும் (ஒரு சுற்றுக்குத் திருகு முன்னேறும் தொலைவு) கொண்ட சரிவக மரைத் திருகில், 250 மி.மீ. கைப்பிடியின் முனையில் 200 நியூட்டன் கொடுத்தால், மரையிலும் கழுத்திலும் போகும் உராய்வைக் கழித்த பிறகும் தாடையில் 13,000 நியூட்டன் அளவுக்கு விசை கிடைக்கும். குழாயால் கைப்பிடியின் நீளத்தை இரட்டித்தால் அது 26,000 ஆகும். தாடைகள் விரியப் பார்க்கும்போது அவற்றின் அடிக்கழுத்தின் உட்புறம் இழுவிசைக்கு உள்ளாகிறது. சாம்பல் வார்ப்பிரும்பு அமுக்கத்தில் வலியது, இழுவிசையில் அதன் மூன்றில் ஒரு பங்குகூடத் தாங்காது. முன்னறிவிப்பின்றி வெடித்துப் பிளக்கும்.

கேள்வி (லேத்து இயக்குபவர்): உங்கள் கணக்கை ஏற்க முடியவில்லை. ஓரத்தில் மட்டும் தொடும் தாடையைவிட முழுதாகப் படியும் தாடை நன்றாகப் பிடிக்கிறது என்பதைக் கையால் உணர்ந்திருக்கிறேன். பரப்பு கூடினால் பிடிப்பும் கூடத்தானே வேண்டும்?

பதில்: உங்கள் கை உணர்ந்தது உண்மை, நீங்கள் கூறும் காரணம் தவறு. உலர் உராய்வு தொடும் பரப்பைச் சார்ந்ததன்று என்பதை பிரெஞ்சு அறிவியலாளர் அமோந்தோன் 1699-லேயே பதிவு செய்துவிட்டார். ஓரத்தில் மட்டும் தொட்டால் துண்டு அந்தக் கோட்டைச் சுற்றிச் சுழல இடம் கிடைக்கிறது. முழு முகமும் படிந்தால் அந்தச் சுழற்சி நின்றுவிடுகிறது. நீங்கள் உணர்ந்தது அதைத்தான். நேராக வெளியேறி வழுக்குவதைப் பரப்பு தடுக்காது.

அதே உறுப்பினர் மீண்டும்: அப்படியானால் பல் வெட்டிய தாடைகள் எதற்கு? அவை வழுக்குவதையும் தடுக்கின்றனவே.

பதில்: இதில் உங்களுக்குப் பாதி வெற்றி. பற்கள் துண்டுக்குள் பதிவதால் அங்கே நடப்பது வெறும் உராய்வன்று, கடிப்பு. ஆகவே என் 17 டிகிரி எல்லை வழவழப்பான தாடைக்கே பொருந்தும் என்று நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆயினும் முடித்த முகத்தில் பல் தடம் விழும், கடினப்படுத்திய எஃகில் பல் பதியவே பதியாது. அதற்கு முன் ஓர் எளிய வழியைச் செய்து பாருங்கள்: தாடைக்கும் துண்டுக்கும் இடையே மெல்லிய தாள் ஒன்றை வையுங்கள். தாளின் மேல் எஃகு நன்றாகப் பற்றும். மரத்துக்குத் தோல் ஒட்டிய தாடை, கெழு 0.3 கிடைத்தாலும் எல்லை 33 டிகிரி வரை போகும்.

கேள்வி: பல துண்டுகளாகப் பிரிந்து எந்த உருவத்தையும் கவ்வும் வைஸைக் காணொளியில் பார்த்தேன். அதுவே எல்லாவற்றுக்கும் தீர்வில்லையா?

பதில்: 1913-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற வடிவம் அது. அதன் தாடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து திரும்பும் அரைவட்டத் துண்டுகளால் ஆனவை; ஒவ்வொரு அரைவட்டமும் விசையை இரண்டாகப் பகிர்ந்து அடுத்தவற்றுக்குக் கொடுக்கும். ஒழுங்கற்ற உருவத்தை மெதுவாகப் பிடித்து அரத்தால் ராவ நன்று. மில்லிங்குக்கு (சுழலும் கட்டரால் சீவுவதற்கு) அன்று, ஒவ்வொரு மூட்டிலும் உள்ள சிறு தளர்வு கூடிக் கூடி அதிர்வாக வெளிப்படும்.

கேள்வி: நேரான கட்டையை 30 டிகிரியில் சாய்த்து மில்லிங் செய்ய எந்தத் தாடை சரி?

பதில்: உங்கள் துண்டு சாய்ந்ததன்று, வைஸ்தான் சாய வேண்டும். அடியில் இரு உருளைகள் கொண்ட, ஓர் உருளையை உயர்த்திக் கோணம் அமைக்கும் சைன் வைஸைப் பயன்படுத்துங்கள்: உருளைகளின் இடைவெளி 100 மி.மீ. என்றால் 30 டிகிரிக்கு அடியில் 50 மி.மீ. ஸ்லிப் கேஜ் (துல்லிய அளவுக் கட்டை). 45 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். உயரத்தில் நேரும் அதே பிழை, கிடைநிலைக்கு அருகே இருப்பதைவிட 60 டிகிரியில் கோணத்தில் இரு மடங்காகும்.

கேள்வி: எந்த நிறுவனத்தின் வைஸை வாங்கலாம்?

பதில்: அது என் துறை அன்று.

கேள்வி: என் தாடை 25 டிகிரி வரை திரும்பினால் போதுமா?

பதில்: மேலே, மூவருக்குச் சொன்ன விடையைப் படிக்கவும்.

கேள்வி: கைப்பிடியைக் கொஞ்சம் மட்டும், அதாவது ஒரு சாண் நீட்டலாமா?

பதில்: கூடாது.

லேத்து இயக்குபவர், மூன்றாம் முறை: செய்து பார்த்தேன். 14 டிகிரி ஆப்பு தாளோடு நின்றது. 20 டிகிரி ஆப்பு, எண்ணெயோடு, எதிர்ச் சுவரில் போய் மோதியது. இனி 20 டிகிரித் துண்டை எப்படித்தான் பிடிப்பது?

பதில்: பொறுமையாகச் சோதித்ததற்கு நன்றி, அடுத்த முறை எதிரில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உராய்வை நம்பாமல் தடித்த முனையில் ஒரு தடுப்பை வைக்க வேண்டும். கெழு 0.1, கோணம் 20 டிகிரி என்றால் வெளித்தள்ளும் விசை இறுக்கத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 13,000 நியூட்டன் இறுக்கத்தில் சுமார் 2,000. நிலைத் தாடையில் இரண்டு 6 மி.மீ. திருகுகளால் பொருத்திய எஃகுத் துண்டு இதைத் தாங்கும், காந்தம் தாங்காது. தடுப்பைத் திரும்பும் தாடையில் பொருத்த வேண்டாம். அதனோடு சேர்ந்து அதுவும் திரும்பிவிடும். துண்டைத் தடுப்போடு ஒட்ட வைத்த பிறகே இறுக்குங்கள். இடைவெளி விட்டால் துண்டு அந்த அளவுக்கு நகர்ந்துதான் நிற்கும், நீங்கள் குறித்த கோடும் அதோடு இடம் மாறிவிடும்.