அண்ணி கேட்ட கேள்வி

அன்புள்ள அக்கா,

எனக்கு 41 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு வருடம் முன்பு அண்ணன் மகனுக்கு ஆட்டிசம் என்று சொன்னார்கள். அண்ணிக்கு உதவலாமே என்று அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க யாரோ என்னைப் பற்றி எழுதி வைத்திருப்பது போல இருந்தது. மிக்ஸி ஓடினால் வீட்டை விட்டே போய்விடத் தோன்றும். மேனேஜரிடம் பேச வேண்டியதை பஸ்ஸிலேயே நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஒரு விசேஷ வீட்டுக்குப் போய் வந்தால் மறுநாள் முழுக்க இருட்டு அறையில் படுத்திருப்பேன். நெட்டில் 50 கேள்வித் தேர்வு ஒன்றை எழுதினேன், 38 வந்தது. ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். "கல்யாணம் ஆகியிருக்கு, குழந்தை இருக்கு, வேலைக்குப் போறீங்க, என் கண்ணைப் பார்த்துப் பேசறீங்க, அப்புறம் எங்கேம்மா ஆட்டிசம்" என்று ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். "எல்லாருக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்கிறார் கணவர். அண்ணியிடம் சொன்னேன். "என் பிள்ளை இன்னும் ஒரு வார்த்தை பேசல, உனக்கு இதுல பங்கு வேணுமா" என்று கேட்டுவிட்டு அழுதார். அதற்குப் பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை. கையில் ஒரு சான்றும் இல்லாமல் நான் என்னை அப்படிச் சொல்லிக்கொள்வது தப்பா?

மீ.

அன்புள்ள மீ.,

தப்பில்லை. "நான் அப்படித்தான் என்று நினைக்கிறேன்" என்று உங்களுக்குள்ளேயும், உங்களை நம்புகிற நாலு பேரிடமும் சொல்ல யாருடைய கையெழுத்தும் வேண்டாம். அந்த "நினைக்கிறேன்" மட்டும் கொஞ்ச காலம் கூடவே இருக்கட்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த மருத்துவர். அவர் சொன்ன காரணங்களைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நம் ஊரில் கல்யாணம் ஆவதற்கு நீங்கள் என்ன செய்ய வேண்டியிருந்தது? ஜாதகம் பார்த்தார்கள், பெண் பார்க்க வந்தார்கள், நீங்கள் தலை குனிந்து காபித் தட்டைக் கொண்டுவந்து வைத்தீர்கள், அவ்வளவுதானே. நாமாகப் போய் ஒருவரிடம் பழகி, அவர் மனதைப் புரிந்துகொண்டு, நம் மனதைச் சொல்லி, அந்தப் பரீட்சை எதையும் நமக்கு வைக்கவேயில்லை. பேசாத பெண்ணை அடக்கமான பெண் என்பார்கள், ஆளைப் பார்த்துப் பேசாவிட்டால் மரியாதை தெரிந்தவள் என்பார்கள். நம் தலைமுறையில் எத்தனை பெண்கள் இப்படி நல்ல பெயரோடு கண்ணுக்குத் தெரியாமல் போயிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அந்த மருத்துவர் எந்தக் காலத்துப் பாடம் படித்தவரோ தெரியாது. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார், ரொம்ப காலம் ஆட்டிசம் என்றாலே அந்த மாதிரிக் குழந்தைகள்தான் என்று இருந்தது. நன்றாகப் பேசுகிற, படிக்கிற, ஆனாலும் அதே தன்மைகள் உள்ள ஆட்களும் இருக்கிறார்கள் என்று லண்டனில் லோர்னா விங் எழுதியது 1981இல். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அப்படிப்பட்டவர்களுக்கு ஆஸ்பெர்கர் என்று ஒரு பெயர் கிடைத்தது 1994இல், அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். 2013இல் எல்லாவற்றையும் ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தார்கள். சத்தம், வெளிச்சம், தொடுதல் இவை படுத்தும் பாட்டையும் அந்த வருடம்தான் அடையாளங்களில் சேர்த்தார்கள். இந்தத் தன்மைகள் சிறு வயதிலிருந்தே இருக்க வேண்டும், ஆனால் பழகிக்கொண்ட உத்திகளால் பிற்காலத்தில் மறைந்தும் இருக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொள்கிறீர்களே, அது அந்த உத்திகளில் ஒன்றுதான். ஆக, கண்ணைப் பார்த்துப் பேசுகிற ஒருத்தியை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லவே முடியாது.

ஆனால் 38ஐ வைத்துக்கொண்டு ஆமாம் என்றும் சொல்ல முடியாது. நீங்கள் எழுதிய 50 கேள்விகள் 2001இல் கேம்பிரிட்ஜில் வந்தவையாகத்தான் இருக்கும், 32 அல்லது அதற்கு மேலே வந்தால் மேற்கொண்டு பாருங்கள் என்பதுதான் அதன் கணக்கு. பார்ட்டிக்குப் போவீர்களா, நூலகத்துக்கா என்று அதில் ஒரு கேள்வி வரும். விசேஷத்துக்குப் போகாவிட்டால் உறவே அறுந்துபோகும் என்ற ஊரில் வளர்ந்த பெண் அதற்கு என்ன பதில் சொல்வாள்? அதோடு, பதற்றம் அதிகம் உள்ளவர்களுக்கும், சின்ன வயதில் அடியும் திட்டும் வாங்கி வளர்ந்தவர்களுக்கும், ஏடிஹெச்டி என்கிற கவனச் சிதறல் பிரச்சினை உள்ளவர்களுக்கும் 41 வயதில் பார்த்தால் ஏறக்குறைய இதே மாதிரி இருக்கலாம். பிரித்துப் பார்க்க முக்கியமான வழி, உங்களுடைய முதல் ஐந்தாறு வருடம் எப்படி இருந்தது என்று போய்ப் பார்ப்பது. அதற்காகத்தான் "நினைக்கிறேன்" இருக்கட்டும் என்றேன்.

என் கதையைச் சொல்கிறேன். 46 வயதில் எனக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று மதிப்பீடு நடந்தது. மூன்றாவது தடவை போனபோது அந்த உளவியலாளர், நீங்கள் நாலு வயதில் எப்படி இருந்தீர்கள் என்று சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அம்பாசமுத்திரத்துக்கு சித்தியைப் பார்க்கப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கேட்டதும் சிரித்துவிட்டார். "நீ எங்கடி பேசுன, ரேடியோல்ல பேசும்." சாப்பிட்டியா என்று கேட்டால் நான் "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்பேனாம். தூக்கம் வருதா என்றாலும் அதேதான். அதே குரல், மூச்சு விடுகிற இடம் முதற்கொண்டு அச்சு அசல். தெருவே வந்து கேட்குமாம், கடலைமிட்டாய் கொடுத்து இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்களாம். இந்தக் கதையை நான் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன், எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்லிச் சிரிக்கிற கதை. கானர் பார்த்த குழந்தைகளும் கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னார்கள் என்று படித்த பிறகும், அதுவும் இதுவும் ஒன்றாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அப்புறம் கீரைக் காம்பை ஒதுக்கிக்கொண்டே சித்தி இன்னொன்று சொன்னார். விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் தட்டு ஒன்று இருந்ததாம். அது இல்லாவிட்டால் நான் சாப்பிட மாட்டேனாம். கல்யாண வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் அம்மா அந்தத் தட்டைத் துணிப்பையில் போட்டு எடுத்து வருவாராம், இலை போட்ட பந்தியில் எனக்கு மட்டும் தட்டு. யாராவது கேட்டால், அவளுக்கு இலை ஒத்துக்காது என்று சொல்லிவிடுவாராம். இது எனக்குத் தெரியாது. ஊர் திரும்புகிற பஸ்ஸில் வழி முழுக்க அழுதேன். இரண்டு வாரம் கழித்து ஆமாம் என்று சொல்லும் காகிதம் கையில் வந்தது, அதைப் படித்தபோது அழுகை வரவில்லை.

காகிதம் எதற்கு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு வேலை இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு 40 சதவீதம் என்று சான்று வேண்டும். அதற்கு நம் நாட்டில் பயன்படுத்தும் அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 70 வந்தால்தான் கணக்கிலேயே சேர்ப்பார்கள். எதிரே உட்கார்ந்து பார்த்தால் தெரிகிற நடத்தைகளைத்தான் அது பெரும்பாலும் கேட்கிறது. முப்பது வருடமாக மறைத்துப் பழகிய உங்களுக்குக் குறைவாக வரலாம். வந்தால், சலுகைக்குத் தகுதி இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் பிரிண்டர் பக்கத்திலிருந்து இடம் மாற்றிக் கேட்க, சத்தத்தில் கணக்கு தப்புகிறது என்று சொன்னால் போதும்.

கணவர் சொன்னதை விட்டுவிடுங்கள். எல்லாருக்கும்தான் மூச்சு வாங்கும், அதனால் ஆஸ்துமா என்று ஒன்று இல்லாமல் போய்விடுமா. ஆனால் அந்த இருட்டு அறையை நான் அப்படி விட மாட்டேன். விசேஷத்துக்கு மறுநாள் என்றால் சரி. சாதாரண நாட்களிலும் எழுந்திருக்க முடியவில்லை, தூக்கம் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்று இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். ஆட்டிசமா இல்லையா என்று தெரிகிறவரை காத்திருக்காமல் அதற்கு இப்போதே வைத்தியம் பாருங்கள், வேறு மருத்துவரிடம்.

உங்கள் அண்ணி கேட்டதுதான் எனக்கு மனதை விட்டுப் போகவில்லை. பங்கு வேணுமா. அவரிடம் வாதம் செய்யாதீர்கள், படித்ததை எடுத்துச் சொல்லாதீர்கள். ஒரே பெயருக்குள் உங்களையும் அந்தப் பையனையும் போட்டது 2013இல் ஒரு குழு எடுத்த முடிவு. 24 மணி நேரமும் ஒருவர் கூடவே இருக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்குத் தனிச்சொல் வேண்டும் என்று 2021இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு ஒன்றே சொன்னது. அந்தப் பெற்றோர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியோடு படுத்து அதே கேள்வியோடு எழுகிறார்கள். நமக்கு அந்தக் கேள்வி இல்லை. "அவன் மனசு எனக்குத் தெரியும், நானும் அவன்தான்" என்று ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அது பொய்யாகிவிடும், உங்களுக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று செய்யலாம். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் அவனைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் தூங்குங்கள் என்று சொல்லிப் பாருங்கள். அவன் சமையலறைப் பக்கம் வர மறுத்தால், குக்கர் விசிலா, டியூப்லைட் ரீங்காரமா என்று உங்கள் காது மற்றவர்களுக்கு முன்னால் கண்டுபிடிக்கும். அவனோடு பேசாமலே உட்கார்ந்திருக்க உங்களால் முடியும், அது சிரமமாகவே இருக்காது. அண்ணி கேட்ட பங்குக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

உங்கள் அம்மா இருக்கிறார் என்றே நினைக்கிறேன், இல்லாவிட்டால் பெரியம்மாவோ அத்தையோ இருப்பார்கள். போய்ப் பாருங்கள். சின்ன வயசில் நான் வித்தியாசமா இருந்தேனா என்று கேட்டுவிடாதீர்கள், என் பிள்ளைக்கு என்ன குறை என்று உடனே கதவைச் சாத்திவிடுவார். பேச்சு எப்போ வந்தது, எதைச் சாப்பிட மாட்டேன், எதைப் பார்த்து அழுவேன், யார் வீட்டுக்குப் போக அடம்பிடிப்பேன் என்று கேளுங்கள். வீட்டில் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிக்கிற கதை ஒன்று உங்களைப் பற்றியும் இருக்கும். அதை முதலில் ஒரு நோட்டில் அவர் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா